கூடிச் சிரித்தலும் தனித்து வாழ்தலும்: பாமாவின் ‘சங்கதி’ எழுப்பிய வாசிப்பு முரண்கள்

பாமாவின் ‘சங்கதி’ 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து வெளியான ‘கருக்கு’ தன்வரலாறாகவும் சான்றுரையாகவும் பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. ‘சங்கதி’க்கு அத்தகைய உறுதியான இடம் இன்றுவரை அமையவில்லை. ஒரு சாரார் அதனைத் தலித் பெண்ணியத்தின் முதன்மைப் பனுவலாகக் கொள்கின்றனர். மற்றொரு சாரார் அதனை வசைச்சொற்களும் ஊர்ப்பேச்சும் மண்டிய, நாவல் என்னும் பெயருக்குப் பொருந்தாத தொகுப்பாகக் காண்கின்றனர். இவ்விரு சாராரும் பெரிதும் பேசாது விட்ட ஒன்று உண்டு. ‘சங்கதி’ அதன் பெரும்பகுதியில் ஒரு நகைச்சுவைப் படைப்பு. அதைச் சொல்பவள் திருமணமின்றித் தனித்து வாழும் ஒரு பெண். நகையையும் தனிமையையும் சேர்த்துப் படிக்கும்போதே கருத்து முரண்களின் வேர் புலப்படுகிறது.

நாவலின் மொழி எந்த நிலத்துக்குரியது என்பதை முதலில் கருத வேண்டும். பாமா பிறந்த புதுப்பட்டி, விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ளது. மதுரை மாவட்டத்துப் பேரையூர் வட்டமும் அப்பகுதியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரே அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. மாவட்ட எல்லை நிருவாகத்துக்கு உரியது. பேச்சு அதனைப் பொருட்படுத்துவதில்லை. பேரையூர்ச் சமவெளியில் வளர்ந்த வாசகருக்கு ‘சங்கதி’யின் நடை வட்டார வழக்காகத் தோன்றாது, வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கும். கிண்டல் எங்கே தொடங்குகிறது, வசை எந்த இடத்தில் செல்லமாகிறது, எப்போது அது உண்மையான வசையாகிறது என்பவற்றை அவ்வாசகர் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே அறிவார். பாமாவின் 1996ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பு ‘கிசும்புக்காரன்’ எனப் பெயர் பெற்றதும் இங்கு நினைக்கத்தக்கது. கிசும்பு என்பது வெறும் குறும்பு அன்று. மேலிருப்பவரின் மதிப்பைச் சற்றே கீழிறக்கிப் பார்க்கும் பேச்சுக்கலை.

‘சங்கதி’ நாவலா என்னும் வினாவுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஒற்றைக் கதைத்தலைவியோ வளர்ந்து முடியும் கதைப்பின்னலோ அதில் இல்லை என்பது உண்மை. பாட்டியும் பேத்தியும் பேசிக்கொண்டே செல்ல, ஒரு பெண்ணின் கதை இன்னொரு பெண்ணின் கதையைக் கிளப்புகிறது. தலைப்பே அதனை அறிவித்துவிடுகிறது. சங்கதி என்றால் செய்தி, நிகழ்ச்சி, ஒருவரிடம் ஒருவர் சொல்வது. வடிவம் குறித்த இவ்வெதிர்ப்பின் பின்னால் பெரும்பாலும் மொழி குறித்த எதிர்ப்பே ஒளிந்திருக்கிறது.

அவ்வெதிர்ப்பு கூர்மை பெறும் இடம் ராக்கம்மாவின் கதை. கணவன் அடிக்கிறான், அவள் தெருவுக்கு வந்து உரத்த குரலில் ஏசுகிறாள், ஊர் கூடி நிற்க, முடிவில் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் விலகிப் போகிறான். இதனை ஆபாசம் என ஒதுக்குவோர் உண்டு. தலித் ஆண்களை ஊரார் முன் இழிவுபடுத்துவதாக வருந்துவோரும் உண்டு. இரண்டாம் தரப்பாரின் வருத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆதிக்கச் சாதியினர் ஏற்கெனவே சுமத்திய இழிவுக்கு இது சான்றாகிவிடுமோ என்னும் அச்சம் அதில் உள்ளது. ‘கருக்கு’ வெளிவந்தபோது சொந்த ஊராரே சினங்கொண்டதையும், பல மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலாதிருந்ததையும், படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பின்னரே நிலைமை மாறியதையும் பாமா நேர்காணல்களில் கூறியுள்ளார். எனினும் நாவல் அக்காட்சியைக் கேலிக்காக மட்டும் வைக்கவில்லை. கதைசொல்லி தொடக்கத்தில் கூசுகிறாள். பின்னர், அப்படிக் கத்தியிராவிட்டால் அவள் உயிர் பிழைத்திருப்பாளா என்று எண்ணத் தலைப்படுகிறாள். கூச்சத்திலிருந்து புரிதலுக்கு நகரும் அச்சிறு தூரத்தை விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் பிரித்தெடுப்போருக்கே அது ஆபாசமாக எஞ்சுகிறது. கண்ணியம் என்னும் அளவுகோலே யாருடையது என்ற வினாவை ‘தலித் பண்பாடு’ (1993) முதலிய நூல்களில் ராஜ் கௌதமன் அக்காலத்திலேயே எழுப்பியிருந்தார். அவர் பாமாவின் உடன்பிறந்தவர் என்பது இருவரையும் சேர்த்துப் படிப்பதற்குக் கூடுதல் காரணம். இருவரையும் ஒன்றாக்கிப் படிப்பதற்கு அதுவே காரணமாகிவிடக் கூடாது.

நாவல் சிரிக்காத இடங்களும் சிரிக்கும் இடங்களைப் போலவே தெரிந்தெடுக்கப்பட்டவை. விறகுக்கட்டுடன் வந்த மாரியம்மா தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது நிலவுடைமையாளர் அவளைப் பற்றி இழுக்கிறார். அவள் தப்பிவிடுகிறாள். அவரோ முந்திக்கொண்டு அவள்மீதே பழி சுமத்துகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாயும், அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட இளைஞனுக்கு 100 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. குற்றம் செய்தவருக்கோ தண்டனை ஏதும் இல்லை. இவ்விடத்தில் பெண்களின் கேலி அடங்கிப்போகிறது. பெண்களைப் பேய் பிடிப்பது குறித்த பகுதியோ இதற்கு நேர்மாறானது. பேய் ஏன் பெண்களையே தேடிப் பிடிக்கிறது என்னும் பேத்தியின் வினா சிரிப்போடு தொடங்கி, உழைப்பும் அடியும் ஓய்வின்மையும் கூடிய வாழ்க்கை குறித்த விசாரணையாக விரிகிறது. வலியை மூடும் போர்வையே இந்நகைச்சுவை என்னும் குற்றச்சாட்டு இதனால் வலுவிழக்கிறது.

ஒப்புநோக்குக்கு ஹெலன் ஃபீல்டிங்கின் ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு’ (1996) பயன்படும். நாளிதழ்ப் பத்தியாகத் தொடங்கி நாவலாகிய அதுவும் தனித்து வாழும் பெண்ணைப் பற்றிய நகைச்சுவைப் படைப்பே. வாசகரைப் பிளந்ததும் உண்மை. தம் வாழ்வே இது எனச் சிலர் மகிழ்ந்தனர். பெண்ணியம் ஈட்டியதை எடை குறைப்புக்கும் ஆண் துணைக்கும் அடகு வைப்பதாகச் சிலர் கடிந்தனர். அங்கே நகைப்புக்கு உரியவள் தன்னையே எள்ளிக்கொள்ளும் தலைவி. ‘சங்கதி’யில் நகைப்புக்கு உள்ளாவோர் கணவரும் நிலவுடைமையாளரும் நாட்டாமைகளும். திருமணமின்மை லண்டன் நாயகிக்கு நீங்க வேண்டிய குறை. புதுப்பட்டிப் பெண்ணுக்கு அது காக்க வேண்டிய இடம்.

தமிழில் தனித்து வாழும் பெண்ணைக் குறித்து வாசகர் பிளவுபட்ட பெரிய நிகழ்வு ஜெயகாந்தனுடையது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேச’த்தின் முடிவு கடும் விவாதத்தைக் கிளப்பியது. அம்முடிவை மாற்றிப் பார்த்ததன் விளைவாகிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கங்கா படித்தவள், சம்பாதிப்பவள். ஆயினும் அவள் தனிமை ஒரு நிகழ்ச்சியால் விதிக்கப்பட்டது. அவளைச் சூழ்ந்து சிரிக்க ஒரு கூட்டமும் இல்லை. ‘சங்கதி’யில் வெள்ளையம்மாக் கிழவியின் தனிமை வேறு வகையானது. கணவன் இலங்கைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பவில்லை. பஞ்சத்தில் அவள் தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளுக்கு உணவளிக்கிறாள். கங்காவின் கதையில் பல நூறு பக்கங்கள் அலசப்படும் கற்பு, தாலி ஆகிய கேள்விகளை இக்கிழவி ஒரு வேளைச் சோற்றின் முன் தீர்த்துவிடுகிறாள். தனித்து வாழ்தலை நகரத்துப் படித்த பெண்ணின் புதுச் சிக்கலாகவே எழுதிவரும் இலக்கிய வரலாறு இவளுக்கு இடம் தந்தாக வேண்டும்.

கதைசொல்லியின் நிலை இக்கிழவியினதிலிருந்து மாறுபட்டது. அவள் நகரத்தில் வேலை பார்த்துத் தனியே வாழ்கிறாள். வாடகைக்கு வீடு தேடினால் சாதியைக் கேட்கிறார்கள்; கணவனைக் கேட்கிறார்கள். இப்பகுதிகளில் நாவலின் நடை மாறிவிடுகிறது. உரையாடல் குறைந்து கருத்துரை மிகுகிறது. பெண்கள் விழித்தெழ வேண்டும் என்னும் அறைகூவல் நேரடியாகவே ஒலிக்கிறது. பரப்புரை எனப் பலர் குறைகாணும் இடம் இதுவே. அக்குறை நியாயமானது. முன்பகுதியில் ராக்கம்மாவின் கத்தல் சாதித்ததை இவ்வுரைகளால் சாதிக்க முடியவில்லை. ஆயின் இச்சரிவு நாவலின் பொருளோடு ஒட்டியது. கிசும்புக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: சொல்ல ஒருத்தி, வாங்கிச் சிரித்து மறுசொல் எறிய ஒருத்தி. வயற்காட்டிலும் தெருவிலும் குளிக்கும் இடத்திலும் அப்படியொரு கூட்டம் இருந்தது. சாவி கொடுக்க மறுக்கும் வீட்டுக்காரர் முன் நிற்கும் பெண்ணுக்கு அது இல்லை. தனிமையின் விலை என்ன என்பதை நாவல் சொல்லிக் காட்டியதைவிட, நகைச்சுவையை இழந்து காட்டியதே மிகுதி. ஆசிரியர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் எனக் கொள்ளப் பனுவலில் சான்று இல்லை.

‘சங்கதி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு லட்சுமி ஹோம்ஸ்ட்ராமால் 2005இல் வெளிவந்தது. அதன் வழி நூல் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது. வாசிப்பும் இரண்டாகக் கிளைத்தது. வசையின் இசையும் உறவுமுறை விளிகளின் நுட்பமும் மொழிமாற்றத்தில் பெரிதும் தங்குவதில்லை, எஞ்சுவது நிகழ்ச்சி. எனவே ஆங்கில வாசகர் அதனைத் துன்பத்தின் ஆவணமாகப் படிக்க, தமிழ் வாசகருள் ஒரு பகுதியினர் அதனை ஊர்ப்பெண்களின் பேச்சரங்காகக் கேட்கின்றனர். முன்னவர் மதிப்பது பொருளை; பின்னவர் சுவைப்பதும் முகஞ்சுளிப்பதும் குரலை.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு, ஆங்கிலச் சிறப்புப் பாடத்தின் பெண்ணெழுத்துத் தாளிலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளை நீக்கியது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் உடன் நீக்கப்பட்டது. கல்விக்குழு உறுப்பினர் 15 பேர் எதிர்ப்புக் குறிப்பு அளித்தனர். அதையடுத்து எழுந்த கண்டனங்களுள் பெரும்பாலானவை பாமாவைத் தலித் துயரத்தின் பிரதிநிதியாக நிறுத்தியே வாதிட்டன. அரசியல் அடிப்படையில் அது தேவையான வாதமே. ஆனால் அவ்வாதத்திலும், அதனை மறுத்தோர் தரப்பிலும், ராக்கம்மாவின் தெருவில் நின்று சிரித்த பெண்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பாடத்திட்டத்தில் ஒரு நூல் இருப்பதற்கு அது துயரம் பேசினால்தான் தகுதி என்றாகுமாயின், ‘கிசும்புக்காரன்’ போன்ற தொகுப்புகள் எவ்வாறு வகுப்பறைக்குள் வரும் என்பது தமிழ்த்துறைகளும் விடை சொல்ல வேண்டிய வினா. மதுரை, விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளில் இந்நாவலைப் பாடம் சொல்வோருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பேச்சை அறிந்த மாணவரைக் கொண்டு ஒரு பகுதியை உரக்கப் படிக்கச் செய்தால், வசை எது, செல்லம் எது என்னும் வேறுபாட்டை உரைநூல் இன்றியே வகுப்பு கேட்டறியும்.