துர்காபாயின் லைன் அண்ட் லெங்த்

பேச்சுப் போட்டி நடுவர்களின் மதிப்பெண் தாளில் குரலுக்கு ஒரு கட்டம், உச்சரிப்புக்கு ஒரு கட்டம், மேற்கோளுக்கு ஒரு கட்டம் இருக்கும். அரசியல் நிர்ணய சபையில் ஜி. துர்காபாய் பேசியதற்கு அந்தத் தாளில் மதிப்பெண் போட்டால் பரிசு வேறு யாருக்காவது போயிருக்கும். அவருடைய பேச்சு பெரும்பாலும் சுருக்கமானது. எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல் மாற வேண்டும், ஏன் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

சேப்பாக்கத்தில் ஸ்டம்பு பறந்தால் எழுந்து நின்று கைதட்டுகிறோம். ஓவருக்கு ஓவர் ஒரே இடத்தில் பந்தைப் போட்டு மட்டையாளரின் கையைக் கட்டிவைப்பவரை ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் கவனிக்கிறோம். துர்காபாய் அந்த ரகம். அவருடைய லைன் அண்ட் லெங்த் எங்கிருந்து வந்தது, எங்கே தவறியது என்பதுதான் இந்த வார அலசல்.

1909-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் மணம் முடித்துவைத்தார்கள். விவரம் தெரிந்ததும் அந்த மண வாழ்க்கை வேண்டாம் என்று விலகினார். 1923-இல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த கதர் கண்காட்சியில் அவர் தொண்டர். வயது 14. சீட்டு இல்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அமைப்பாளர்கள் பதறிப்போனார்கள். சீட்டு இல்லாதவரை விடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பது அவர் பதில். நேருவுக்குச் சீட்டு வாங்கிய பிறகே வழி விட்டார். விதி என்று எழுதினால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதே இருந்தது. பிறகு அவையில் அவர் ஆடிய ஆட்டம் முழுவதற்கும் இதுதான் அடித்தளம்.

உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடியிலும் இருந்தார். தங்கள் மீதுள்ள வழக்கு என்னவென்றே புரியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த பெண்களைச் சிறையில்தான் பார்த்தார். சட்டம் படிக்கும் எண்ணம் அங்கே விழுந்த விதை. 1942-இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று, இங்கேயே வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1946-இல் சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் இருந்த பெண்கள் 15 பேர். அவையை நடத்தும் தலைவர்கள் பட்டியலில் இடம்பெற்ற ஒரே பெண் இவர்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 750 திருத்தங்கள் என்ற எண்ணைச் சொல்வார்கள். பெரிய எண்தான். ஆனால் பலர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த திருத்தங்களும் அந்தச் சபையில் ஏராளம். மொத்தம் 7,635 திருத்தங்கள் வந்ததாகவும், அவற்றில் 2,473 மட்டுமே அவையில் முன்மொழியப்பட்டதாகவும் அம்பேத்கர் தம் நிறைவுரையில் கணக்குச் சொன்னார். ஆகவே எத்தனை பந்து போட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த பந்து 1948 டிசம்பரில் விழுந்தது. மதச் சுதந்திரம் பற்றிய வரைவுப் பிரிவு விவாதத்தில் இருந்தது. பொதுத்தன்மை உள்ள இந்து சமய நிறுவனங்களை இந்துக்களில் ‘எந்த ஒரு வகுப்புக்கோ பிரிவுக்கோ’ திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்று வரைவு சொன்னது. மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. துர்காபாய் எழுந்து, அதை ‘எல்லா வகுப்புகளுக்கும் பிரிவுகளுக்கும்’ என்று மாற்றச் சொன்னார். அப்போதுதான் சட்டத்தின் வீச்சு விரியும், எல்லோருக்கும் ஒரே சீராகப் பொருந்தும் என்பது அவர் வாதம். வரைவில் இருந்த ஓட்டையைப் பாருங்கள்: ஒரு சாதிக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, கடமை முடிந்தது என்று ஓர் அரசு கை கழுவியிருக்கலாம். மற்றவர்கள் கோபுர வாசலிலேயே நின்றிருப்பார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் 1939-இல்தான் நுழைய முடிந்தது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஒரு சொல்லின் எடை தெரியும். திருத்தம் ஏற்கப்பட்டது. இன்றைய 25-ஆவது பிரிவில் இருப்பது அவர் சொன்ன வாசகம்தான்.

அந்த வாசகம் பிறகு நீதிமன்றத்தில் சோதனைக்கு வந்தது. தென் கன்னட மாவட்டத்து மூல்கியில் உள்ள வேங்கடரமணர் கோயில், கோயில் நுழைவுச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. இது கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில், யாரை உள்ளே விடுவது என்பது எங்கள் சமய உரிமை என்று நிர்வாகிகள் வழக்காடினார்கள். அது அவர்களுடைய சமயப் பிரிவின் கோயில்தான் என்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. இருந்தும் கோயில் நுழைவுக்கான இந்த விதியே மேலோங்கி நிற்கும் என்று 1957-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்குகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வேங்கடராம ஐயர்.

அடுத்தது 1949 மே மாதம். மாநிலங்களவை உறுப்பினராக 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்றது வரைவு. அதை 30 ஆக்கச் சொன்னார் துர்காபாய். அறிவுக்கும் வயதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், இன்றைய பிள்ளைகள் சீக்கிரமே பொறுப்பு உணர்கிறார்கள் என்று வாதாடினார். அவர் அப்போதே 35-ஐத் தாண்டியவர். அவருக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை. அவை ஏற்றது. இன்றும் 30தான்.

1949 செப்டம்பரில் நடந்த மொழி விவாதத்தில் மட்டும் அவர் நிதானத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். சிறுமியாக இருந்தபோதே ராஜமுந்திரியில் பெண்களுக்கு இந்திப் பள்ளி நடத்தியவர் அவர். காந்தியின் அழைப்பை ஏற்றுத் தெற்கே இந்தியைக் கொண்டுவந்த எங்களையே உங்கள் வேகம் அதிர வைக்கிறது என்று இந்திக்காகக் கொடி பிடித்தவர்களைப் பார்த்துச் சொன்னார். மொழியும் எழுத்தும் போதாமல் நாகரி எண்களும் வேண்டும் என்று கேட்டதைச் சகிப்பின்மை என்றார். தமிழ் வாசகருக்கு அவருடைய இந்துஸ்தானி ஆதரவில் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை; எனக்கும் இல்லை. ஆனால் தம் பக்கத்து ஆட்களின் தவறை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன துணிவை நான் மதிக்கிறேன்.

இனி, பிசகிய ஆட்டம். பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் மசோதா 1949 டிசம்பரில் வந்தது. எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும் பிடித்து முகாமில் வைக்கலாம், கடத்தப்பட்டவரா என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும், அந்த முடிவே இறுதி. அந்தப் பெண் போக மறுத்தால்? சட்டத்தில் அதற்கு இடமில்லை. தாகுர் தாஸ் பார்கவா போன்றவர்கள் இந்த ஓட்டையைத் தொட்டுப் பேசினார்கள். துர்காபாய் மசோதாவை ஆதரித்தார். கடத்தியவனின் பிடியில் இருக்கும் பெண் சொல்லும் சம்மதத்தை நம்ப முடியாது என்ற கவலை அவருக்கு இருந்தது. கவலை நியாயமானது. ஆனால் சிறையில் வாயில்லாமல் கிடந்த பெண்களுக்காகவே சட்டம் படிக்கப் போனவர், அந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு ஒரு துணைவிதியாவது கேட்டிருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றிக் கோயில் கதவைத் திறக்கத் தெரிந்தவருக்கு அது முடியாத காரியமில்லை. இதை அவருடைய தோல்வியாகவே குறிக்கிறேன்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் பெண்ணின் சொத்துரிமைக்காக நின்றார். 1952 தேர்தலில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. திட்டக் குழுவுக்கும், 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் பதவிக்கும் போய்விட்டார். சீனாவில் குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்துவந்து, இங்கும் வேண்டும் என்று நீதிபதிகளிடமும் நேருவிடமும் வலியுறுத்தினார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தது. 1981-லேயே அவர் காலமாகிவிட்டார்.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுமையாக அச்சில் இருக்கின்றன. அடுத்த போட்டிக்கு முன் அந்த 1948 டிசம்பர் விவாதத்தை எடுத்து, பழைய வாசகத்தையும் துர்காபாயின் வாசகத்தையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதுங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். அதைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு, குரல் சற்றுத் தடுமாறினாலும், முதல் பரிசைக் கொடுங்கள்.