வேதம் விட்ட இடம்

ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களில் ஒரு நிமிடம் நிற்காமல் கடந்துபோன வாசகர் அபூர்வம். தேவகுமாரர் மனிதரின் பெண்களை மணக்கிறார்கள். பூமியில் இராட்சதர் திரிகிறார்கள். யார் இவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கதை நோவாவிடம் போய்விடுகிறது.

அந்த இடத்தில்தான் ஏனோக்கின் புத்தகம் புகுந்து விளையாடியது. அதில் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவர்களுக்குப் பெயர் உண்டு. யார் எந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார் என்ற விவரமும் உண்டு. அசாசேல் வாளும் கேடயமும் செய்யச் சொல்லித் தருகிறான், கூடவே வளையலும் கண்மையும். யூதா நிருபம் இந்த நூலிலிருந்து மேற்கோள் காட்டுகிறது. எத்தியோப்பியத் திருச்சபை அதை வேதாகமத்திலேயே வைத்துக்கொண்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்க்கவில்லை.

ஏனோக்கைத் தேடிப் படிக்கும் விசுவாசிக்கும், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் பின்னிணைப்புகளில் அரச வம்சாவளியைத் துருவும் ரசிகருக்கும் பசி ஒன்றுதான்: கதை சொல்லாமல் விட்டதை அறியும் பசி. தமிழிலும் இது உண்டு. நற்செய்திகளில் யோசேப்பு வாய் திறந்து ஒன்றும் பேசுவதில்லை. வீரமாமுனிவர் அவரையே பாட்டுடைத் தலைவராக்கி 'தேம்பாவணி'யில் 3,615 பாடல்கள் பாடிவிட்டார்.

வேத ஆராய்ச்சியை நக்கலடிக்கப் போய், இந்தப் பசிக்கு ஒரு விளையாட்டையே உண்டாக்கித் தந்தவர் ரொனால்ட் நாக்ஸ். மோசேயின் நூல்களை அக்கக்காகப் பிரித்து, 'இது ஒருவர் எழுதியது, அது பின்னால் வந்தவர் சேர்த்தது' என்று ஜெர்மன் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த காலம். 1911இல் நாக்ஸ் அதே முறையை ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள்மேல் போட்டுப் பார்த்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். இல்லாத அறிஞர்களின் பெயரையெல்லாம் ஆதாரம் காட்டினார். ஹோம்ஸ் ரசிகர்களோ கேலியை நிஜ ஆராய்ச்சியாகவே நடத்தத் தொடங்கினார்கள். நாக்ஸ் பின்னாளில் கத்தோலிக்கக் குருவாகி, வேதாகமம் முழுவதையும் தனியாளாக ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பது இதில் கூடுதல் சுவை.

நாக்ஸைப் போலவே டோல்கீனும் கத்தோலிக்கர்; அவர் பக்தி ஆரவாரமில்லாதது. 1904இல், 12 வயதில் தாயை இழந்த அவருக்குப் பாதுகாவலராக இருந்தவர் பிரான்சிஸ் மார்கன் என்ற குரு. திருப்பலி, பாவசங்கீர்த்தனம் என்று கடைசிவரை சாதாரணக் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். 1966இல் வெளியான ஜெருசலேம் பைபிளின் ஆங்கிலப் பதிப்புக்கு யோனா புத்தகத்தில் கை கொடுத்தார். ஆனால் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் கோயிலோ பூசாரியோ கண்ணில் படுவது அரிது. ஃபாராமிரின் வீரர்கள் சாப்பாட்டுக்கு முன் மேற்கே பார்த்துச் சற்று நேரம் மௌனமாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. அது மங்கள வார்த்தைத் திருநாள் என்பது தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவருக்குக் கதையில் எதுவும் குறையாது.

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் வேறு ரகம். 1931 செப்டம்பரில் ஓர் இரவு டோல்கீனும் ஹியூகோ டைசன் என்பவரும் புராணங்களைப் பற்றி அவரோடு விடிய விடியப் பேசினார்கள். சில நாள் கழித்து அண்ணனின் மோட்டார் சைக்கிள் பக்கவண்டியில் விப்ஸ்னேட் மிருகக்காட்சி சாலைக்குப் போன வழியில்தான் கிறிஸ்து தேவகுமாரன் என்ற நம்பிக்கை தமக்கு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நார்னியாவில் அவர் எதையும் ஒளிக்கவில்லை: அஸ்லான் என்ற சிங்கம் எட்மண்ட் என்ற சிறுவனுக்குப் பதிலாகக் கல்மேடையில் பலியாகி, உயிர்த்தெழுகிறது. டோல்கீனுக்கு இந்தக் கதைகள் பிடிக்கவில்லை. கட்டுமானத்தில் அவர் பக்கம்தான் நியாயம். ஆனாலும் ஓர் இனிப்புக்காக எட்மண்ட் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் இடம், பல ஞாயிறு பள்ளிப் பாடங்களைவிடப் பிள்ளைகளுக்கு உறைக்கும்.

விசுவாசிகள் எல்லாரும் இத்தகைய மாய உலகக் கற்பனைகளை வரவேற்கவில்லை. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை 1980களில் அமெரிக்கப் போதகர்கள் பலர் பேய் வழிபாடு என்றார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டவர். மேடலின் லெங்கிள் பாடு இன்னும் விசித்திரம். 1962இல் வெளியான அவருடைய 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலில், இருளை எதிர்த்தவர்களின் வரிசையில் இயேசுவுக்குப் பின் காந்தியும் புத்தரும் வருகிறார்கள். அதற்காகவே பழமைவாதக் கிறிஸ்தவர்கள் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவரோ நியூயார்க் செயின்ட் ஜான் பேராலயத்தில் பல ஆண்டுகள் நூலகராக இருந்தவர். 2018இல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது, நாவலில் இருந்த வேத வசனங்களைக் கத்தரித்துவிட்டது.