சுவருக்குள் இருக்கிறது பாதி ஓவன்

பில்ட்-இன் ஓவன் வாங்கப் போகிறவர்கள் கண்ணாடிக் கதவையும் தொடுதிரையையும் லிட்டர் கணக்கையும் பார்க்கிறார்கள். அவற்றுக்கு முன் பார்க்க வேண்டியது, கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் தெரியும் சின்னத் தகடு. 60 செ.மீ. அகல ஓவன்கள் பலவற்றில் அது 2.5 முதல் 3.6 கிலோவாட் வரை காட்டும். 3,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். அந்த 13 ஆம்பியருக்குத் தனி லைன் போடாத வீட்டில், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஓவனும் பாதிப் பொருள்தான்.

“16 ஆம்பியர் பவர் ப்ளக் இருக்கிறதே, கீசரே அதில்தானே ஓடுகிறது?” என்று கேட்கலாம். சிறிய கீசர் கால் மணி நேரத்தில் தண்ணீரைச் சுட வைத்துவிட்டு அணைந்துவிடும். ஓவன் ஒரு மணி நேரம் உழைக்கும். சூடேறிய பின் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் எடுக்கும்போதெல்லாம் முழு அளவில் எடுக்கும். சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் 0.15 ஓம் தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். 13 ஆம்பியர் பாயும்போது அங்கே பிறக்கும் வெப்பம் சுமார் 25 வாட். ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் செருகி வைத்ததற்குச் சமம். மின்னோட்டம் அளவு மீறினால் விழும் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. ப்ளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறுவதும் கருகல் வாடையும்தான் எச்சரிக்கை. சாக்கெட் ஓவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அதுவும் கிடைக்காது. அதனால்தான் பக்கத்து அலமாரியில், கைக்கு எட்டும் இடத்தில், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும் என்பது.

அதே லைனில் 1,500 வாட் கெட்டிலும் ஓடினால் கணக்கு 19.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுந்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறோம். தர விதிப்படி அது சுமார் 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும்; ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டிய அளவு சுமார் 23 ஆம்பியர். 19.5 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பைப்புக்குள் வயர் சத்தமில்லாமல் சூடேறும். வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டி.பி. பாக்ஸிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரில் நேராக ஓவனுக்கு ஒரு லைன், அதற்கென 20 ஆம்பியர் எம்.சி.பி. என்று அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்தது எர்த். சில ஓவன்கள் ஐரோப்பிய ப்ளக்கோடு வருகின்றன: உருண்டையான இரண்டு பின், எர்த்துக்குப் பக்கவாட்டில் உலோகப் பட்டை. நம் சாக்கெட் சிலவற்றில் அந்தப் பின்கள் நுழைந்துவிடும், ஓவனும் ஓடும். எர்த் மட்டும் எங்கும் சேர்ந்திருக்காது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாதா? எர்த் இருந்தால், கசிவு அந்த அளவை எட்டியதும் அது விழும். எர்த் இல்லாவிட்டால், யாராவது ஓவனைத் தொட்டு மின்சாரம் அவர் உடல் வழியே இறங்கிய பிறகுதான் விழும். மறுபக்கம், பல வாரம் சும்மா கிடந்த ஓவனால் மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. விழுவதும் உண்டு. எலிமென்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சுவது ஒரு காரணம். அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் செய்யும் ஆர்.சி.பி.ஓ. ஒன்றை ஓவனுக்கு மட்டும் தனியாகப் போட்டால், ஓவனில் கசிந்தாலும் ஃப்ரிட்ஜாவது அணையாமல் இருக்கும்.

முடித்த மாடுலர் கிச்சனில் சுவரை உடைப்பதா என்ற தயக்கம் நியாயமானது. உடைக்காமல், அலமாரிகளின் உள்பக்கமாகவே கேசிங்-கேப்பிங்கில் லைன் இழுக்கலாம். வாடகை வீட்டுக்காரருக்கு அதுவும் முடியாது என்றால், மேடை மேல் வைக்கும் 1,500 வாட் ஓ.டி.ஜி.யே சரி, 6.5 ஆம்பியரை நல்ல பவர் ப்ளக் தாராளமாகத் தாங்கும். மற்றவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து டி.பி. பாக்ஸைத் திறந்து காட்டட்டும். ஷோரூமுக்கு அதற்கப்புறம் போகலாம்.