காது முளைத்த தீவு

ஜப்பான் போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், பிடித்து உட்காரவைத்துவிடுவேன். ஃபுஜி மலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கியோத்தோ கோயில்கள் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை, முதலில் ஓக்குனோஷிமாவுக்குப் போங்கள் என்பேன். “அங்கே என்ன இருக்கு?” “முயல்.” “முயலா?” “முயலேதான். தீவு முழுக்க!” எதிரே இருப்பவர் உதட்டில் ஒரு நமுட்டுச் சிரிப்பு ஓடும். ஓடட்டும். போய் வந்தவர்கள் ஒருவரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செல்போனைத் திறந்து படம் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஹிரோஷிமா மாநிலத்தில், டகேஹாரா நகரத்தைச் சேர்ந்த தீவு இது. சுற்றி வந்தால் மொத்தமே நாலு கிலோமீட்டர் சுமார். செட்டோ உள்நாட்டுக் கடலில் இப்படித் தீவுகள் ஏராளம், பச்சைப் பச்சையாக. மிஹாரா வரைக்கும் புல்லட் ரயிலில் வந்து, அங்கிருந்து கடலோரமாகவே போகும் குரே பாதை ரயிலில் ஏறி, டடனோஉமி என்ற சின்ன நிலையத்தில் இறங்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை. படகில் கால் மணி நேரம்தான்.

என்னோடு வந்தது அப்பா. கிராமத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் கண்ணி வைத்து முயல் பிடித்த கதைகளை நாங்கள் சலிக்கச் சலிக்கக் கேட்டிருக்கிறோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். படகுத்துறைக் கடையில் நான் முயல் தீனிப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டிருந்தபோது, “ஏம்மா, இவ்ளோ செலவு பண்ணி வந்தது முயலுக்குச் சோறு போடறதுக்கா?” என்றார். “பேசாம வாங்கப்பா, இறங்கினதும் தெரியும்” என்றேன். தீவுக்குள் தீனி விற்பதில்லை. இந்தக் கரையிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

இறங்கியதும் தெரிந்தது. படகுத்துறையைத் தாண்டிப் பத்தடி நடந்திருப்போம், புதருக்குள்ளிருந்து ஒரு பழுப்பு முயல் எட்டிப் பார்த்தது. பின்னால் ஒரு கறுப்பு. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்று. நான் பொட்டலத்தைப் பிரித்த சரசரப்புதான் தாமதம், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட கூட்டம் மாதிரி எல்லாத் திசையிலிருந்தும் வந்தன பாருங்கள்! தத்தித் தத்தி, ஒன்றையொன்று தாண்டி, காதுகள் ஆட. செருப்பின் மேல் ஒன்று ஏறி நின்றது. இன்னொன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து என் முழங்காலில் முன்பாதங்களை ஊன்றிக்கொண்டு, “எங்கே?” என்கிற பாவனையில் அண்ணாந்து பார்த்தது. மூக்கு மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வேட்டைக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தீனி. சுற்றிலும் முயல்கள். கேள்வி கேட்ட வாய் அப்புறம் திறக்கவேயில்லை.

மிருகக்காட்சி சாலையில் முயல் பார்த்திருக்கிறோம், யார் வீட்டுக் கூண்டிலாவது பார்த்திருக்கிறோம். இது அதுவல்ல. இங்கே வேலி இல்லை, கூண்டு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. முயல் உங்களிடம் வந்தால் அது அதன் இஷ்டம். தீனி தீர்ந்ததும் முதுகைக் காட்டிவிட்டுப் போவதும் அதன் இஷ்டம். அந்த அலட்சியம் இருக்கிறதே, அதற்காகவே நூறு தடவை போகலாம்!

ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. வீடுகள் இல்லை, தெரு இல்லை. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒரே ஒரு விடுதியும் அதன் ஊழியர்களும்தான் மனித நடமாட்டம். பயணிகள் தங்கள் காரை ஓட்டித் திரிய முடியாது. நடை, இல்லையென்றால் வாடகை சைக்கிள், இல்லையென்றால் படகுத்துறைக்கும் விடுதிக்கும் இடையே ஊர்ந்து போகும் பேருந்து. நாயும் பூனையும் கொண்டுவரத் தடை. புல்வெளி முழுக்க வளைகள். கீழே பார்த்து நடக்காவிட்டால் கால் பிசகும். ஜப்பானின் சொந்தக் காட்டுமுயல் இப்படி வளை தோண்டாது. இவை ஐரோப்பிய இனத்து வளர்ப்பு முயல்களின் வாரிசுகள், மனிதர் கையிலிருந்து நழுவித் தங்கள் பாட்டுக்குப் பெருகியவை. அதனால்தான் வெள்ளை, கறுப்பு, தேன் நிறம், திட்டுத் திட்டாக என்று இத்தனை வண்ணம். சினைக்காலம் ஒரு மாதம்தான் என்பதால் பெருகுவதற்கும் கேட்கவா வேண்டும்!

நண்பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். வெயில் ஏறினால் முயல்கள் புதர் நிழலில் கால் நீட்டிப் படுத்துவிடும். விடியலிலும் அந்தியிலும்தான் அவற்றின் உலகம் முழுசாக விழிக்கிறது. காலை இருள் பிரியும் நேரத்தில் விடுதி வாசலுக்கு வந்து பார்த்தேன். தீனி கேட்டு வந்தவை சிலதான். மற்றதெல்லாம் தங்கள் சொந்த அலுவலில் இருந்தன. ஒன்று முன்பாதங்களால் காதை இழுத்து வளைத்து நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இரண்டு, காரணமே இல்லாமல் ஒன்றையொன்று துரத்தி, அந்தரத்தில் துள்ளி உடம்பை முறுக்கி இறங்கின. ஒரு கிழட்டு ஆண் முயல் கல், கட்டை, மேசைக்கால் என்று ஒவ்வொன்றிலும் மோவாயைத் தேய்த்துக்கொண்டே போனது. மோவாயில் வாசனைச் சுரப்பி உண்டு. ‘இது என் இடம்’ என்று பட்டா எழுதும் வேலை அது. எங்கிருந்தோ ஒரு காகம் தாழ்வாகப் பறந்தது. உடனே ஒரு முயல் பின்னங்காலால் தரையைத் ‘தொம்’ என்று உதைக்க, குட்டிகள் எல்லாம் வளைக்குள் மாயம். இதைப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, போங்கள்.

 

சரி, இவ்வளவு முயல்கள் எப்படி வந்தன? 1971 வாக்கில் பள்ளிப் பிள்ளைகள் வளர்த்த எட்டு முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள், அவற்றின் வம்சம்தான் இது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுகிற கதை. இன்னொரு கதையும் உலவுகிறது: சோதனைக்கூடத்து முயல்கள் தப்பித்துப் பெருகின என்று. இரண்டாவதை நம்பாதீர்கள். சோதனை முயல்கள் இருந்தது நிஜம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவற்றைக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

என்ன சோதனை என்கிறீர்களா? 1929 முதல் 1945 வரை இந்தத் தீவில் நச்சு வாயுத் தொழிற்சாலை நடந்தது. ஜப்பானிய ராணுவம் நடத்தியது. அந்த வாயுவைச் சோதிக்கத்தான் முயல்கள். தோலைக் கொப்புளமாக்கும் மஸ்டர்ட் வாயு, லூயிசைட், கண்ணீர்ப் புகை என்று ஆறாயிரம் டன்னுக்கு மேல். போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்று 1925-லேயே ஜெனீவாவில் ஒப்பந்தம் போட்டாயிற்று. அதனால் எல்லாம் பரம ரகசியம். வரைபடத்திலிருந்தே தீவை அழித்துவிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் உட்பட. தயாரானது சீனாவில் மனிதர்கள் மேல் பயன்பட்டது. செய்த தொழிலாளிகளோ, ரப்பர் உடையின் இடுக்கு வழியே புகுந்த வாயுவால் நுரையீரல் கெட்டு, ஆயுள் முழுக்க இருமினார்கள். 1988-ல் தீவிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் முதல் இயக்குநர் முராகாமி ஹட்சுஇச்சி, சிறுவனாக அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு நேர்ந்தது மட்டுமல்ல, நாங்கள் செய்ததையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

அருங்காட்சியகத்தில் கூட்டமே இல்லை. வெளியே கூச்சலும் சிரிப்பும். உள்ளே, வாயு தயாரிக்கப் பயன்பட்ட பீங்கான் கலங்கள், வேலையாட்களின் உடை, புகைப்படங்கள். அப்பா ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். வெளியே வந்து தீவைச் சுற்றி நடந்தோம். பழைய மின்நிலையம், கண்ணாடி இல்லாத ஜன்னல்களோடு, கொடி படர்ந்து நிற்கிறது. நாகாவுரா என்னும் இடத்தில் வாயுத் தொட்டிகள் இருந்த பிரம்மாண்டமான அறைகள். மிச்ச நஞ்சை அழிக்க நெருப்பைப் பீய்ச்சியதில் கருகிய சுவர் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அந்தச் சுவருக்குக் கீழேயும் முயல்கள்தான், பசும்புல்லை மென்றுகொண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் முயல்களோடு கொஞ்சத் தோன்றுமா என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றியது. முன்னைவிட அதிகமாகவே தோன்றியது! ஒரு தீவுக்கு இப்படி இரண்டாவது பிறவி கிடைத்ததே என்று நினைத்து நினைத்து மனம் நிறைந்தது. ஆனால் தொழிற்சாலையைப் பாராமல் முயலை மட்டும் பார்த்துவிட்டுப் படகு ஏறுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த முயல்களை அன்பே கெடுக்கிறது. வீடியோக்கள் உலகம் சுற்றியதும் கூட்டம் குவிந்தது. ரொட்டி, பிஸ்கட் என்று கையில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். முயல் வயிற்றுக்கு அது விஷம். மிஞ்சிய தீனியைத் தேடிக் காட்டுப்பன்றியும் காகமும் வந்தன. வாரக்கடைசியில் வயிறு முட்ட, மழை நாளில் பட்டினி என்ற வாழ்க்கை. படகுத்துறையை ஒட்டிய முயல்களில் பலவற்றுக்குக் காது கிழிந்திருக்கும். தீனிக்கு நடந்த சண்டையின் தழும்பு. ஒரு காலத்தில் ஆயிரத்தை நெருங்கிய எண்ணிக்கை, கொரோனாக் காலத்தில் பயணிகள் நின்றதும் மளமளவென்று சரிந்தது. 2025 ஜனவரியில் முயலைக் காலால் உதைத்த ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. அதற்கு முந்தைய வாரங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட முயல்கள் செத்துக் கிடந்தன. மனிதரைக் கண்டு ஓடாமல் பக்கத்தில் வருவதுதானே இந்த முயல்களின் பெருமை? அதுவே அவற்றுக்கு ஆபத்தாகவும் முடிகிறது.

ஆகவே போங்கள், ஆனால் ஒழுங்காகப் போங்கள். முயலைத் தூக்காதீர்கள், துரத்தாதீர்கள். பயத்தில் துள்ளினால் அதன் எலும்பு முறியும். விரலை வாய் அருகே நீட்டாதீர்கள், பல் கூர்மை. சாலையில் தீனி போடாதீர்கள், வண்டி வரும். மீந்ததை அள்ளிக்கொண்டு திரும்புங்கள். முயல்களுக்கு வைத்திருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் காலியாக இருந்தால் ஊற்றிவிட்டுப் போங்கள். அதற்கு ஈடான புண்ணியம் அந்தத் தீவில் வேறு இல்லை. அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசிப் படகு சீக்கிரமே கிளம்பிவிடும் என்பதால் முடிந்தவர்கள் ஒரு இரவு தங்கிவிடுங்கள். இருப்பது ஒரே விடுதி, அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.