குப்பத்து மேடையும் சபா மேடையும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து அடையாற்று முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் அடுத்தடுத்து வரும். பிரம்மஞான சபையின் பசுந்தோப்பு ஒருபுறம், கடல் மறுபுறம், நடுவே மீனவர்களின் நெருக்கமான வீடுகள். மயிலாப்பூரின் இசைச் சபாக்கள் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனாலும் பல தலைமுறைகளாக அந்த மேடைகளும் இந்தத் தெருக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை. 2015-இன் தொடக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா பிறந்ததும் இந்த விலகலைக் கேள்வி கேட்டுத்தான். பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள், தன்னார்வலர்கள் எனப் பலரும் கைகோத்தார்கள். எல்லையம்மன் கோயில் முன்பு போட்ட மேடையில் கர்நாடக இசையும் பரதமும் பறையும் வில்லுப்பாட்டும் கூத்தும் ஒரே நிரலில் இடம்பெற்றன. பின்னாளில் அதுவே சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது.

இந்த முயற்சியைப் பாராட்டுவோர் வழக்கமாக முதலில் சொல்வது, ‘இலவசமாகக் கலையைக் கொண்டுபோனார்கள்’ என்பது. அந்தப் பாராட்டு பலவீனமானது. மார்கழியில் சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அப்படியும் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரும் பெண் யாரும் அந்த நாற்காலிகளில் அமர்வதில்லை. தடுப்பது காசு அல்ல. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டில் விதை விழுந்து, 1928-இல் மியூசிக் அகாடமி உருவான காலத்திலிருந்தே, அந்த அரங்குகளின் உடை, பேச்சு, தலையசைப்பு, கேண்டீன் உரையாடல் எல்லாமே ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் வீட்டுக் கூடம் போலவே வளர்ந்துவிட்டன. அடுத்தவர் வீட்டுக் கூடத்துக்குள் அழைப்பில்லாமல் யாரும் நுழைவதில்லை.

குப்பம் விழா இதைச் சரியாகவே கண்டுகொண்டது. கோயில் முன்னே மேடை போட்டால் கேட்பவர்கள் வீட்டுக்காரர்கள், பாடுபவர் விருந்தாளி. குழந்தைகள் மேடையடியில் ஓடுவார்கள், வலையைச் சுருட்டியபடியே ஒருவர் நின்று கேட்பார், பிடிக்காவிட்டால் எழுந்து போவார். சபாவின் மௌனத்துக்குப் பழகிய பாடகருக்கு இது கடினமான சோதனை. தெரிந்த ரசிகரின் தலையசைப்பை நம்பிப் பாட முடியாது. ஒவ்வொரு பாட்டும் தன் காலிலேயே நிற்க வேண்டும். கர்நாடக இசைக்கு இந்தச் சோதனை தேவையாகவே இருந்தது.

ஆனால் விழாவின் வலுவான பாதி இது அல்ல. எதிர்த்திசையில் நடந்த பயணம்தான். மயிலாப்பூரின் ராக சுதா அரங்கு போன்ற இடங்களுக்குக் கூத்தையும் பிற கலைகளையும் கொண்டுபோனதில்தான் உண்மையான துணிவு இருந்தது. சாஸ்திரிய இசை குப்பத்துக்குப் போவதில் ‘மேலிருந்து கீழே இறங்கி வந்தார்கள்’ என்ற தொனி எத்தனை கவனமாக இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். கூத்து சபாவுக்குள் நுழையும்போது அந்தத் தொனிக்கு இடமில்லை. அங்கே பழக்கமில்லாமல் நெளிய வேண்டியவர்கள் சபாக்காரர்கள். விழாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் குப்பத்துக் கச்சேரியின் படங்களே முன்னே நிற்கின்றன. கவனம் தவறான பாதியில் விழுந்துவிட்டது.

குறைகளில் மிகப் பெரியது நேரம். வடதமிழகத்தின் கட்டைக்கூத்து விடிய விடிய ஆடப்படுவது. மரத்தில் செதுக்கி வண்ணமும் கண்ணாடிச் சில்லும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி முடிக்கவே நெடுநேரம் ஆகும். முதலில் கட்டியக்காரன் வந்து ஊரைச் சிரிக்கவைப்பான். பிறகு திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். திரை அசையும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், முகவீணை ஏறும், கூட்டம் நிமிரும். அந்தக் காத்திருப்புதான் வேடத்துக்கு உயிர் கொடுப்பது. திரௌபதி அம்மன் திருவிழாவில் நள்ளிரவில் கண்ணயர்ந்த பெண்கள் துகிலுரியும் கட்டத்துக்கு எழுந்து உட்கார்வார்கள். எப்போது எழ வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். இதையெல்லாம் நகரத்து விழா நிரலில் ஒரு மணி நேரத்துக்குள் அடைத்தால் மிஞ்சுவது கூத்தின் மாதிரித் துண்டு. பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், கூத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துப் போகிறார்கள்.

பறைக்கும் இதே கதிதான். தோல் பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுதி ஏற்ற வேண்டும். குளிர்சாதன அரங்குக்குள் வைக்கோலைக் கொளுத்த யார் விடுவார்கள்? எனவே காய்ச்சத் தேவையில்லாத பைபர் பறை வருகிறது, சத்தம் வருகிறது, மாட்டுத்தோலின் அடிநாதம் வராமல் போகிறது. கச்சேரிக்கு ஆலாபனை நேரம் கொடுக்கும் அமைப்பாளர், கூத்துக்கும் பறைக்கும் அதற்கு ஈடான நேரத்தையும் நெருப்பையும் கொடுக்காதவரை இரண்டும் ஒரே மேடையில் நின்றதாகச் சொல்ல முடியாது.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொதுவாக இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விடிய விடிய நடக்கும் கலை இந்த விதிக்குள் அடங்காது. ஆனால் ஒலிபெருக்கி இல்லாமலே பல நூறு பேருக்குக் கேட்கும்படி தொண்டையை வளர்த்தவர்கள் கூத்துக்காரர்கள். சிறிய கூட்டம், ஒலிபெருக்கி இல்லாத முழு இரவுக் கூத்து என்று நகரத்து அமைப்பாளர்கள் ஏன் துணிந்து திட்டமிடுவதில்லை?

அடுத்த குறை, பெயர். 2016-இல் கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. டிசம்பர் கச்சேரிகளை விட்டு 2015-இல் விலகிய அவருக்கே 2024-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதை மியூசிக் அகாடமி அறிவித்தது; பெரும் சர்ச்சைக்கு நடுவே அவர் அந்த மேடைக்குத் திரும்பினார். தான் எடுத்த நிலைப்பாடுகளுக்கு விலை கொடுத்தவர் அவர்; அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் விழாவின் புகழ் ஒரு பாடகரின் வாழ்க்கைக் கதையாகச் சுருங்கிப்போனது. அங்கே ஆடிய பறைக் கலைஞர்களில் எத்தனை பேரின் பெயர் நகரத்துக்குத் தெரியும்? அதே மேடையில் ஏறியதால் அவர்களுக்கு அடுத்த ஆண்டு கூடுதல் வாய்ப்பு வந்ததா? பத்திரிகைகளும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பாடகரின் பேட்டியையே தேடிப் போயின.

இதே கூட்டணியிலிருந்து வந்த இன்னொரு வேலை இந்தக் குறையைப் பெருமளவு தாண்டியது. 2017 ஜனவரியில் யூடியூபில் வெளியான ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியது, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று கிருஷ்ணா பாடினார். பாட்டின் பொருளும் இடமும் ஒன்று. கீர்த்தனையின் ராகங்கள் எண்ணூரின் வழக்கில் சேர்ந்தன. விழா முடிந்ததும் நாற்காலிகளை மடித்துவிடலாம். இந்தப் பாடல் மீனவர் கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் மீண்டும் ஒலிக்கக் கையில் இருக்கிறது. சுதந்திர ஊடகமும் உள்ளூர்க் கலையும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

நிரலைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்விக்கு இன்னும் நேரடியான பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவை மேடையேற்றியது. 2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ விழாவை நடத்துகிறது. 2021-இல் அது மதுரைக்கும் கோவைக்கும் போய்விட்டுச் சென்னைக்கு வந்தது. இங்கே கானாவும் பறையும் ஒப்பாரியும் யாருடைய அழைப்பையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அழைப்பவர்களும் அவர்களே. சபாக்காரர்கள் தங்களுடையது என்று நினைத்த மாதத்தையே எடுத்துக்கொண்டது, குப்பம் விழா எட்டாத துணிவு. குறை உண்டு: ஒரு வெற்றிகரமான திரை இயக்குநரின் பெயரும் செல்வாக்கும் தாங்கும் அமைப்பு இது. இழவு வீட்டில் இரவெல்லாம் நீளும் மரண கானா, விளக்கொளியில் சில நிமிடப் பாட்டாகச் சுருங்கும் அபாயம் இங்கும் இருக்கிறது.

ஒருவரின் தோளிலோ ஓர் ஆட்சியின் தோளிலோ நிற்பது எத்தனை ஆபத்து என்பதற்குச் சென்னை சங்கமமே சாட்சி. 2007-இல் பிறந்து, பின்னர் பொங்கலை ஒட்டிப் பூங்காக்களுக்கும் கடற்கரைகளுக்கும் நாட்டுப்புறக் கலைஞர்களை நூற்றுக்கணக்கில் அழைத்துவந்த அந்த விழா, 2011-இல் ஆட்சி மாறியதும் நின்றது. மீண்டும் வர 2023 ஆயிற்று. இடைப்பட்ட பொங்கல்களில் அந்த வருமானத்தை நம்பியிருந்த கரகக்காரரும் தப்பாட்டக்காரரும் என்ன செய்தார்கள் என்று எந்த அரசும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இடமே மறுக்கப்படும் நிலையும் உண்டு. மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்வைப் பதிவுசெய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் திரையிடல்களை 2017-இல் காவல்துறை தடுத்தது. பின்னர் படம் யூடியூபுக்குப் போய்ப் பலரைச் சென்றடைந்தது. அதை வெற்றி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கைபேசியில் தனியே பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க முடியாது. படத்தில் வரும் தொழிலாளி எழுந்து பதில் சொல்லவும் முடியாது. ஊர்க் கூடங்களின் தேவை இங்கேதான் உறைக்கிறது.

சென்னை மாநகராட்சியின் சமூக நலக்கூடங்கள் கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் வாடகைக்குப் போகின்றன. மாதம் ஒரு மாலை அவற்றை அந்தந்தப் பகுதியின் கலைஞர்களுக்கும் படக்காரர்களுக்கும் ஒதுக்கி, நிரலை அந்த வட்டத்து மக்களே தீர்மானிக்கும்படி விட்டால், விழாவுக்கு விழா காத்திருக்கும் நிலை கொஞ்சம் மாறும். அதற்கு முன்பே விழாக் குழுக்கள் தாமாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிரலுடனும், கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், எந்தக் குழுவுக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு ஊதியம் என்பதை ஒரே தாளில் அச்சிட்டு வாசலில் ஒட்டலாம். பாடகருக்கும் பறைக் கலைஞருக்கும் கொடுத்த தொகை அதில் அருகருகே இருக்கட்டும்.