ஒளி விழுந்த தூண்களும் ஒலிக்காத கதையும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்வோருக்குக் கிளிஞ்சல் புதிதன்று. ஏரியடியிலிருந்து அதனை வாரியெடுத்து, காளவாயிலிட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்குவது இக்கரையின் பழந்தொழில். அனுப்பம்பட்டில் இரயிலேறிச் சென்னை வழியாக மதுரை சென்ற நாம், திருமலை நாயக்கர் மஹாலின் தூணொன்றைத் தடவிப் பார்த்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கிளிஞ்சல்தான். கல்லோ என்று மயங்க வைக்கும் அப்பெருந்தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டவை. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவைக் கூட்டிப் பூசியதால் வந்தது அந்த வழவழப்பு.

காஜிமார் தெருப் பள்ளிவாசலில் மஃரிபு தொழுதுவிட்டு, மாலை ஒலி‑ஒளிக் காட்சிக்கு வந்து அமர்ந்தோம். திறந்த முற்றம், மேலே வானம், மூன்று புறமும் தூண்வரிசை. விளக்குகள் அணைந்ததும் கூட்டம் தானே அமைதியுற்றது. குரல் கொடுத்தவர்களின் தமிழ் தெளிவானது. அதற்காகவே ஒருமுறை கேட்கலாம். ஆனால் சொல்லப்பட்ட கதை சிலப்பதிகாரம்.

சிலம்பின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. எனினும் அது இந்த வீட்டின் கதையன்றே! கோவலன் கொலையுண்ட மதுரை பாண்டியர் மதுரை. இம்மாளிகையோ பல நூற்றாண்டு பிந்தி, 1636இல் எழுந்தது. நம்முடன் வந்த சிறுவன், தூண்கள் செந்நிறமானபோது, "அத்தா, இந்த இடத்திலா கோவலனுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்?" என்று கேட்டான். அவன்மீது தவறில்லை. கண்முன் காட்டிய தூணையும் காதில் விழுந்த கதையையும் அவன் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டான். தீர்ப்புகள் இங்கே சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் சொன்னவன் பாண்டியன் அல்லன். ஆங்கிலேயர் காலத்தில் இம்மாளிகையில் நீதிமன்றங்கள் நடந்தன. அதையேனும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சொல்வதற்கா பஞ்சம்? திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். விஜயநகரத்தின் மேலாட்சியை உதற எண்ணிக் கோல்கொண்டா சுல்தானை நாடினார். அந்தத் துணையே ஆபத்தானபோது பீஜப்பூரை நாடினார். அதே 1640களில் கோல்கொண்டாவின் கை நம் பழவேற்காட்டுக் கரையையும் எட்டியது. இந்துவென்றும் முஸ்லிமென்றும் கோடு கிழித்து இன்று நாம் படிக்கும் சரித்திரம் அன்று அப்படி நடக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை. மாளிகையின் வளைவுகளையும் குவிமாடங்களையும் அண்ணாந்து பார்த்தாலே போதும். சுல்தான்களின் கட்டடக்கலை தமிழ்நாட்டுச் சுதை வேலைப்பாட்டோடு கலந்து நிற்பதைக் கட்டடமே காட்டுகிறது. வைகைக்கு அப்பால் கோரிப்பாளையம் தர்காவில், பாண்டியர் கொடுத்த கொடையை உறுதிசெய்யும் 1573ஆம் ஆண்டு வீரப்ப நாயக்கர் காலக் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்ததைக் காத்த நாயக்கர் மரபில் வந்தவரே இம்மாளிகையைக் கட்டினார். நம் பெயரும் காட்சியில் வரவேண்டும் என்ற ஆசையால் இதைச் சொல்லவில்லை. பச்சையும் நீலமுமாக விளக்கு பாய்ச்சிய அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?

மாளிகை சிதைந்த கதையும் சுவைக்குக் குறைந்ததன்று. பேரர் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனார் கட்டியதில் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பது வரலாறு. இப்போது நிற்பது நான்கில் ஒரு பங்குதான் என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்திராவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்குமோ என்னவோ! கட்டியவன் பேரன் இடிக்க, கடல்கடந்து வந்தவன் காத்தான். நாடகத்திற்கு இதைவிட என்ன வேண்டும்? சுண்ணாம்பு அரைத்த கைகளைப் பற்றி ஒரு சொல் சேர்த்தால், எங்கள் ஏரிக்கரையாரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

காட்சி முடிந்ததும் வழி விசாரித்துப் பத்துத் தூண் சந்துக்கு நடந்தோம். மறைந்துபோன ரங்கவிலாசத்தின் தூண்கள் கடைகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் நடுவே வரிசையாக நின்றன. அங்கே ஒலியுமில்லை, வண்ண ஒளியுமில்லை. தெருவிளக்கு ஒன்று எரிந்தது. சிறுவன் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பத்தும் இருந்தன.