முற்பணமும் அட்டையும்

தீபாவளி முற்பணத்தை மலையகத்தில் யாரும் கடன் என்று சொல்வதில்லை. தோட்டம் கொடுக்கிறது, பிறகு 10ஆம் திகதிச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. வட்டி கிடையாது. எந்த மாதத்தோடு முடியும் என்பது வாங்கும்போதே தெரியும். பூண்டுலோயாவில் டன்சினன், ஷீன் போன்ற தோட்டங்களின் லயங்களில் வளர்ந்து, இன்று ஆசிரியர்களாகவும் கொழும்பில் மாதச் சம்பளக்காரர்களாகவும் இருக்கும் பிள்ளைகளின் கையில் கடன் அட்டை வந்துவிட்டது. அந்த அட்டையை இந்த முற்பணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்று பிடிபடும்.

குறை வட்டியில் மட்டும் இல்லை. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 28 சதவீதம், நகை அடகுக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த 28ஐயே வைத்துக் கணக்குப் போடுவோம். பாக்கி ஒரு இலட்சம் ரூபாய். குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்வது 5 சதவீதம். முதல் மாதம் கட்டுகிற 5,000 சொச்சத்தில் 2,333 ரூபாய் வட்டிக்கே போகிறது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், அது அம்மா ஏறக்குறைய இரண்டு நாள் மலையில் நின்று பறித்த கொழுந்து. அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறையும். கட்டச் சொல்லும் தொகையும் கூடவே குறையும். ஆபத்து இங்கேதான். புதிதாக ஒன்றும் வாங்காமல், ஒரு மாதமும் தவறாமல் இரண்டு வருடம் குறைந்தபட்சத்தையே கட்டியவருக்கும் 50,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் நிற்கும். அதே ஆள், கேட்பது குறைந்தாலும் தான் கட்டுவதைக் குறைக்காமல், மாதம் 5,000 என்றே கட்டிவந்தால் 28ஆம் மாதம் கணக்கு முடிந்துவிடும்.

ஆகவே, ‘செலவைச் சுருக்கு’ என்று கடன்காரருக்கு முதலில் சொல்லும் அறிவுரையை நான் பாதிதான் ஏற்கிறேன். பாக்கி நிற்கிற அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை; அதனால் அட்டையை மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் தேநீரையும் பஸ் காசையும் மிச்சம் பிடிப்பதால் ஒரு இலட்சம் கரையாது. மாறாத தவணைதான் அதைக் கரைக்கும்.

நகையை வங்கியில் அடகு வைத்து அட்டையை அடைப்பது? கணக்கு அதன் பக்கம்தான் பேசுகிறது. 18 சதவீதத்தில் மாதம் 5,000 கட்டினால் 24 மாதத்தில் முடியும். அட்டையோடு ஒப்பிட்டால் 16,000 ரூபாயளவு வட்டி மிச்சம். ஆனாலும் தயங்குகிறேன். அந்த நகை யாருடையது? பெரும்பாலும் அம்மாவுடையது, அல்லது மனைவியுடையது. தவணை தவறினால் ஏலம் போவது அவள் கழுத்துச் சங்கிலி. அட்டையைத் தேய்த்தவருக்கு ஒன்றும் போவதில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு, நகைக்குரியவள் மனதாரச் சம்மதித்தால் மட்டுமே இந்த வழி நியாயம்.

அம்மா பெயரில் நுண்கடன் எடுத்து மகனின் அட்டையை அடைப்பதை ஏற்கவே முடியாது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். மகனின் கடன் பக்கத்துக் காம்பராவுக்கும் போய்விடும். அதே ஆண்டு அரசு பெண்களின் நுண்கடனில் ஒரு இலட்சம் ரூபாய் வரையானதைத் தள்ளுபடி செய்தபோது, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களைத்தான் கணக்கில் எடுத்தது. நுவரெலியா அதில் இல்லை. மழை பெய்கிற ஊரில் கடன் இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

முற்பணத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே மலைகளில் கங்காணியிடம் வாங்கிய முற்பணம் ‘துண்டு’ என்ற கடன்சீட்டாகி, கடனோடு ஆளையும் சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றியது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: காசு கைக்கு வரும் முன்பே, மாறாத அளவில் பிடிக்கிற அந்த முறை.

நாட்கூலியில் இது நடக்காது; வேலை நாள் குறைந்த மாதத்தில் 5,000 எங்கிருந்து வரும்? மாதச் சம்பளக்காரருக்கு நடக்கும். சம்பளம் விழும் நாளிலேயே, முதல் மாதம் கட்டிய தொகை குறையாமல் அட்டைக் கணக்குக்குப் போகும்படி வங்கிக்கு நிலையான கட்டளை எழுதிக் கொடுக்கட்டும். 28 மாதம் என்றால் இரண்டு தீபாவளியாவது நடுவில் வரும். அந்த இரண்டுக்கும் புதுத்துணியை அட்டையில் எடுக்கக் கூடாது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முக்கியமாக அம்மாவிடம்.